டை கட்டின ஆல்பம்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் பரணைக் குடைகிற வேலை ஒன்று உண்டு. பதினெட்டாம் பெருக்கு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போட்டு வெளியே விடுவது சிவகாசி வழக்கம். புதுசு வருவதற்குள் பழசை இறக்கி, எடைக்குப் போட வேண்டியதைப் போட்டு, இடத்தைக் காலி பண்ண வேண்டும். இந்த வருஷம் மகள் ஏணியில் ஏறினாள். நான் கீழே நின்று ஒவ்வொரு கட்டாக வாங்கி வைத்தேன். எல்லாம் சணல் கட்டு, இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பட்டைக் கட்டு. கடைசியாக ஒன்றைத் தூசியோடு நீட்டிக்கொண்டே, “அப்பா, இதைப் போய் டையில கட்டி வச்சிருக்கீங்க?” என்றாள்.

கருநீல டை. குறுக்கே சாய்வாக வெள்ளிக் கோடுகள். ஒரு ஓரத்தை எலி கடித்திருந்தது. முடிச்சு மட்டும் போட்டபடியே இறுகிக் கிடந்தது. எங்கள் எம். புதுப்பட்டியில் டை என்றால் காலையில் வேனுக்கு நிற்கும் பிள்ளைகளின் எலாஸ்டிக் டைதான். இவ்வளவு நீள டை எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று மகள் கேட்டது நியாயம்தான். நான் பதில் சொல்லாமல் வாசல் திண்ணையில் கட்டோடு உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்துப் பையனுக்கு அப்போது மூன்று வழிதான் இருந்தது. பயர் ஆபீஸ், அச்சாபீஸ், அல்லது ஆர்டர் எடுக்க வெளியூர். பட்டாசு ஆலையை நாங்கள் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது, பெண்கள் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள்போல என்று நினைத்துக்கொள்வார்கள். அம்மா பயர் ஆபீஸில் சரம் பின்னினாள். மருந்து வாடை என் மேல் படக்கூடாது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தாள். ஆகவே பத்தொன்பது முடிந்த கையோடு, பதினாறு கிலோ ஆல்பத்தைத் தோளில் மாட்டி என்னைக் கோயமுத்தூருக்கு அனுப்பிவிட்டார்கள். ஆடியில் போனால் மார்கழி வரை அங்கேதான். கடை கடையாக ஏறி ஆல்பத்தைப் புரட்டிக் காட்டி, நம்பரைக் குறித்து, முன்பணம் வாங்கி, விலாசம் அடிக்க ஊருக்கு அனுப்பி, வந்த கட்டுகளைச் சேர்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

சிங்காநல்லூரில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஒற்றை அறை. அதற்குக் கீழே, முதல் மாடியில், அவர்கள் இருவரும் இருந்தார்கள்.

முதல் நாள் காலையில் பல் விளக்கக் குழாயடிக்குப் போனபோது, தென்னை மரத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பையன் பனியனோடு தண்டால் எடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தவன் நம் நிறத்துப் பையன். மணி ஆறே முக்கால் இருக்கும். ஒரு மணி நேரம் கழித்து ஜன்னல் வழியே பார்த்தால் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து புத்தகத்தைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பதரைக்கு வெள்ளைச் சட்டை, டை, மார்பில் வெள்ளை எழுத்துப் போட்ட கறுப்புத் தகடு என்று படியிறங்கினார்கள். ஏதோ கம்பெனி ரெப்ரசென்டேடிவ் என்றுதான் நினைத்தேன். ஒரு வகையில் அது தப்பும் இல்லை.

மார்மன் என்று உலகம் சொல்கிற சபை. அவர்கள் அந்தப் பெயரைவிட ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’ என்ற நீளப் பெயரைத்தான் விரும்பினார்கள். தகட்டிலும் அதுதான் இருந்தது. தகட்டில் பெயருக்கு முன்னால் ‘எல்டர்’. மூத்தவர் என்று அர்த்தமாம். மீசை சரியாக முளைக்காத பத்தொன்பது வயதுப் பையனுக்கு மூத்தவர் பட்டம். வெள்ளைக்காரன் அமெரிக்காவில் ஐடஹோ என்ற மாநிலத்து உருளைக்கிழங்குக் குடியானவர் மகன். கூட இருந்தவன் ராஜமுந்திரிக்காரன். எங்கள் கரிசல் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் ஏராளம். அவர்களோடு விளையாடி வளர்ந்ததில் எனக்கும் கொஞ்சம் வரும். நான் பேசியதைக் கேட்டு ராஜமுந்திரிக்காரன் சிரித்தான். அது அவன் பாட்டிக்குப் பாட்டி காலத்துத் தெலுங்காம். அந்தப் பழைய தெலுங்கும், என் பிளஸ் டூ இங்கிலீஷும், ஐடஹோக்காரனின் நாலைந்து தமிழ் வார்த்தையுமாகத்தான் நாங்கள் மூவரும் பேசிக்கொண்டோம்.

அவர்கள் சட்டைப் பையில் சின்ன வெள்ளைப் புத்தகம் ஒன்று எப்போதும் இருக்கும். சட்டதிட்டமெல்லாம் அதில்தான். காலை ஆறரைக்கு எழ வேண்டும், இரவு பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். சினிமா கிடையாது, டிவி கிடையாது, பெண்பிள்ளைகளோடு பழக்கம் கிடையாது. ஆறு, குளத்தில் நீந்தக்கூடக் கூடாது. ஒருவர் பார்வையை விட்டு ஒருவர் போகக்கூடாது. கடைக்குப் போனாலும் சேர்ந்து, முடிவெட்டப் போனாலும் சேர்ந்து. ஆண் பிள்ளைகளுக்கு இரண்டு வருஷம் இப்படி. அந்த இரண்டு வருஷமும் ஊருக்குப் போக முடியாது. வாரம் ஒரு கடிதம் எழுதலாம். போன், வருஷத்தில் இரண்டே தடவை: கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடிபடாமல் போனது பணக் கணக்குதான். சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். சம்பளமா, மாதாமாதம் நாங்கள்தான் கட்டுகிறோம் என்றான் ஐடஹோக்காரன். அவன் ஊரில் கிழங்கு தோண்டுகிற சமயம் பள்ளிக்கூடத்துக்கே லீவு விடுவார்களாம். அந்த லீவில் வேலை செய்தும், கோடையில் வயலில் பாசனக் குழாயைத் தூக்கி மாற்றி மாற்றிப் போட்டும் சேர்த்த காசு. நான் பேட்டா வாங்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைகிறேன், இவன் காசு கட்டி அலைகிறான். இப்படியும் ஒரு பிழைப்பா என்று அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

திங்கட்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள். ஓய்வு என்றால் துணி துவைப்பது, கடிதம் எழுதுவது, சமையல் சாமான் வாங்குவது. சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடியும் டை ஏறிவிடும். முதல் திங்கட்கிழமை ஐடஹோக்காரன் துவைக்கிற கல்லில் சட்டையை வைத்துத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தான், குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி. நான் வாங்கி நாலு அடி அடித்துக் காட்டினேன். அடுத்த வாரம் அவன் அடித்த அடியில் பொத்தான்கள் தெறித்தன. சிறுவாணித் தண்ணீர் மாதிரி தண்ணீர் உலகத்தில் இல்லை என்பார்கள் கோயமுத்தூர்க்காரர்கள். அதையும் இவர்கள் காய்ச்சி, வடிகட்டி, சந்தேகத்தோடுதான் குடித்தார்கள். ஊரிலிருந்து நான் கொண்டுபோன சாத்தூர் சேவை மட்டும் ஐடஹோக்காரன் எந்தச் சந்தேகமும் இல்லாமல் தின்றுவிட்டு, கண்ணில் நீர் வழிய மொட்டை மாடியைச் சுற்றிச் சுற்றி நடந்தான்.

திங்கட்கிழமை மாலைகளில் மாடிப் படியில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். நான் வாரத்தில் ஏறிய கடை எத்தனை, ஆர்டர் எத்தனை. அவர்கள் போன வீடு எத்தனை, உள்ளே கூப்பிட்ட வீடு எத்தனை. ரங்கே கவுடர் வீதியில் கடைக்காரர்கள் இல்லை என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். “அடுத்த வாரம் வாங்க தம்பி” என்பார்கள். அடுத்த வாரம் போனால் அதற்கு அடுத்த வாரம். இவர்களுக்கும் அதே அடுத்த வாரம்தான் கிடைத்தது. மற்ற தேசங்களில் இவர்கள் சபைப் பையன்கள் கண்ட கதவையெல்லாம் தட்டுவார்களாம். இந்த இருவரும் அப்படிச் செய்யவில்லை. சபையார் யாராவது சொல்லி அனுப்பிய வீட்டுக்குத்தான் போனார்கள். அதற்கும் பாதி நாள் பூட்டு தொங்கும். ஒரு வாரம் எனக்குப் பதினோரு கடையில் ஒரே ஆர்டர். அவர்களுக்கு நான்கு வீட்டில் ஒன்று, அந்த ஒன்றிலும் மனுஷன் அமெரிக்காவில் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் கீழ் வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

என் ஆல்பத்தைப் புரட்டிப் பார்ப்பதில் ஐடஹோக்காரனுக்குத் தீராத ஆசை. லட்சுமி, பழனி முருகன், மதுரை மீனாட்சி, வேளாங்கண்ணி மாதா, மக்கா, மேய்ப்பனாக இயேசு, காமராஜர், கொழுகொழுவென்று ஒரு குழந்தை, பனிமலை என்று எல்லாம் ஒரே கட்டில், ஒரே விலையில். “இதில் உன் நம்பிக்கை எது?” என்று கேட்டான். கடைக்காரர் எதைக் கேட்கிறாரோ அதுதான் என்றேன். நான் வேடிக்கையாகச் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் யோசித்தான். எல்லாவற்றையும் ஒரே தோளில் சுமக்கிற ஆளை அவன் அதுவரை பார்த்ததில்லைபோல. ஒரே ஒரு வழிதான் சரி என்று பத்தொன்பது வயதில் ஒருவனுக்கு எப்படி அவ்வளவு நிச்சயமாகத் தெரியும் என்று எனக்கும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை. ஒரு நாள் இரவு அவன் தங்கள் சபையின் வேதப் புத்தகத்தை எனக்குக் கொடுத்தான். தமிழில் இருந்தது இங்கிலீஷைவிட மெல்லிசு. நாலு பக்கம் படித்தேன். எனக்கு ஒட்டவில்லை என்று நேராகவே சொன்னேன். முகம் கொஞ்சம் வாடியது. பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அடுத்த திங்கட்கிழமையும் சட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லடிக்கு வந்தான்.

மதமாற்றத் தடைச் சட்டம் வந்ததும் அந்த வருஷம்தான், 2002 அக்டோபரில். தினத்தந்தியில் செய்தி வந்த மறுநாள் டீக்கடையில் இரண்டு பேர், “தம்பிகளா, நீங்க மதம் மாத்த வந்த ஆளுகதான?” என்று கேட்டுவிட்டார்கள். ராஜமுந்திரிக்காரன் வெலவெலத்துப் போனான். கட்டாயப்படுத்தியோ ஆசை காட்டியோ செய்வதைப் பற்றித்தான் சட்டம், இவர்களிடம் காட்ட ஆசையே இல்லை, இவர்களே கைக்காசைக் கட்டிக்கொண்டு கிடக்கிறார்கள் என்று நான்தான் பேசி அனுப்பினேன். பேசிவிட்டேனே தவிர எனக்கும் உள்ளூர உதறல். அதிலிருந்து கொஞ்ச நாள் இருவரும் குரலைத் தாழ்த்தியே பேசினார்கள்.

இதை ஊரில் சொன்னபோது சச்சியாபுரத்துப் பெரியம்மாதான் உதட்டைச் சுழித்தாள். அவள் சி.எஸ்.ஐ. “அவுக வேற சபை, நம்ம வேதக்காரங்க அவுகள ஏத்துக்கிட மாட்டாக” என்று சொல்லிவிட்டு, மிஷனரி என்றால் ராக்லாண்ட் ஐயர்தான் என்று ஆரம்பித்தாள். கேம்பிரிட்ஜில் படித்துப் பேராசிரியக் கூட்டத்தில் இருந்த மனிதர். 1854-இல் இரண்டு சகாக்களோடு வட திருநெல்வேலிச் சீமையில், அதாவது எங்கள் கரிசல் காட்டில், கூடாரம் அடித்து ஊர் ஊராகப் போனார். நாலு வருஷம்தான். 1858 அக்டோபர் 22-இல் சிவகாசியிலேயே இரத்தம் கக்கி இறந்துபோனார். வயது நாற்பத்து மூன்று. இதைக் கோயமுத்தூரில் வந்து சொன்னபோது ஐடஹோக்காரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். தங்கள் ஆளும் அதே சமயம் இங்கே வந்தார் என்றான். ரிச்சர்ட் பாலண்டைன் என்பவர் 1853-இல் கப்பல் ஏறி மெட்ராஸுக்கு வந்து, ஒரு வருஷம் போராடி, விரல்விட்டு எண்ணும்படியான ஆட்களைத்தான் சேர்க்க முடிந்து, 1854-இல் திரும்பிவிட்டாராம். “அவருக்கும் அடுத்த வாரம் வா என்று சொல்லியிருப்பார்கள்” என்றான். அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் இந்தப் பக்கம் அவர்கள் சபை தலைகாட்டவில்லை. 1965-இல் கோயமுத்தூரில் பால் திருத்துவதாஸ் என்பவர் சேர்ந்த பிறகுதான் மறுபடி துளிர்த்திருக்கிறது. பெங்களூரைத் தலைமையிடமாக வைத்து மிஷன் என்று முறையாக வந்தது 1993-இல். ஆக, இவன் கிழங்குக் காட்டிலிருந்து என் துவைக்கிற கல்லுக்கு வந்ததற்குப் பின்னால் ஒன்றரை நூற்றாண்டுக் கதை இருந்தது. சிவகாசிக்காரனுக்கு இதைப் புரிந்துகொள்வது அப்படி ஒன்றும் கஷ்டம் இல்லை. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இளவயதில் கல்கத்தா போய், தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்துதான் எங்கள் ஊருக்கே அடுப்பு எரிந்தது. வாலிபப் பிள்ளையைத் தூரதேசம் அனுப்புகிற வழக்கம் எங்களுக்கும் உண்டு. என்ன, நாங்கள் தொழிலுக்கு அனுப்பினோம்.

தீபாவளி முடிந்தால் பயர் ஆபீஸ்களுக்குக் கொஞ்ச காலம் லீவு. அந்த லீவில் அம்மா என்னோடு கோயமுத்தூர் வந்தாள், எனக்கு வாய்க்கு ருசியாகப் பொங்கிப்போட. வந்த மூன்றாம் நாள் சாயங்காலம் இருவரையும் மாடிக்குக் கூப்பிட்டாள். வீட்டுக்கு வந்த பிள்ளைகளுக்கு முதலில் என்ன கொடுப்பாள்? டீ போட்டுவிட்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாராயம், புகையிலையோடு டீ, காப்பியும் அவர்களுக்கு விலக்கு. 1833-இலிருந்தே அப்படி ஒரு போதனை. வேண்டாம் அம்மா என்றார்கள். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. எங்கள் பக்கம் ஒருவர் வீட்டில் தண்ணி கிண்ணி குடிக்க மாட்டேன் என்றால் அதற்கு வேறு அர்த்தம் உண்டு. அந்த அர்த்தத்தை அனுபவித்தே வளர்ந்தவள் அவள். நான் அவசர அவசரமாக விளக்கினேன். விரதம் மாதிரி என்றேன். சரி என்று எழுந்து போனவள், கால் மணி நேரத்தில் சுக்கைத் தட்டி, மல்லி போட்டு, கருப்பட்டி கரைத்து, ஆவி பறக்க இரண்டு டம்ளரில் கொண்டுவந்து வைத்தாள்.

“இது என்ன?” என்றான் ஐடஹோக்காரன்.

“சுக்குக் காப்பி” என்றாள் அம்மா.

காப்பி என்ற சொல் அவனுக்குத் தெரியும். டம்ளரை நோக்கிப் போன கை பாதியில் நின்றது.

“யய்யா, பேருதான் காப்பி. இதுல காப்பித்தூளு ஒரு துளி கிடையாது. சுக்கு, மல்லி, கருப்பட்டி. பிள்ளை பெத்தவளுக்கே குடுப்போம்.”

நான் இங்கிலீஷில் சொன்னேன். ராஜமுந்திரிக்காரன் எழுந்து போய் அடுப்படியில் பாத்திரத்தை மோந்து பார்த்தான். திரும்பி வந்து இவன் காதில் ஏதோ சொன்னான். இருவரும் மொட்டை மாடி மூலைக்குப் போய் இரண்டு நிமிஷம் பேசினார்கள். பஞ்சாயத்தில் தீர்ப்புக்குக் காத்திருக்கிற மாதிரி அம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். வந்தார்கள், உட்கார்ந்தார்கள், குடித்தார்கள். இரண்டாவது டம்ளரும் கேட்டார்கள். அதற்குப் பிறகு அம்மா இருந்த அத்தனை நாளும் சாயங்காலம் அது தயாராக இருக்கும். பேரை மட்டும் மாற்றிவிட்டாள். “சுக்குத் தண்ணி வச்சிருக்கேன், வாங்கய்யா” என்பாள்.

அந்த முதல் சாயங்காலம், ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த சரவெடியைக் கொளுத்தினோம். ஐடஹோக்காரன் ஊரிலும் ஜூலை மாதம் வெடி போடுவார்களாம். சரம் வெடித்து ஓய்ந்ததும், இதைத் திரியோடு பின்னியது அம்மாவாகக்கூட இருக்கலாம் என்றேன். அவன் அம்மாவின் கையைப் பார்த்தான். பண்டிகை முடிந்து பத்து நாளுக்கு மேல் ஆகியும் நகக்கண்ணில் வெள்ளி போகவில்லை. அலுமினியப் பவுடர் லேசில் போகாது. தன் அப்பாவுக்கு நகத்தில் கறுப்பு போகாது, மண் என்றான். இதை நான் அம்மாவுக்குச் சொன்னதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: “ரெண்டு வருசம் கண்ணுல பாக்காம இருக்கணும்னா, பெத்தவ எப்படி விட்டா?” நீ என்னை விடவில்லையா என்றேன். “நீ மாசம் ஒருக்க பஸ் ஏறி வந்து நிக்கியே” என்றாள்.

எங்கள் ஊருக்கு ஒரு தரம் வாருங்கள், பங்குனிப் பொங்கலுக்குச் சிவகாசி பார்க்க வேண்டும் என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அனுமதியில்லாமல் தங்களுக்கு விட்ட எல்லையைத் தாண்டக்கூடாதாம். அத்தனை கடல் தாண்டி வந்தவனுக்குப் பல்லடம் தாண்ட வழியில்லை.

கிறிஸ்துமஸுக்கு அவன் வீட்டிலிருந்து கீழ் வீட்டு அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டார்கள். அரை மணிக்கு மேல் பேசினான். ஒரே சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் கேட்டது. வைத்துவிட்டு வந்து மாடிப்படியில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். இரண்டு படி மேலே ராஜமுந்திரிக்காரன், எங்கேயோ பார்ப்பதுபோல. பார்வையை விட்டுப் போகக்கூடாது அல்லவா. அழுவதற்குக்கூட அவர்களுக்குத் தனி இடம் கிடையாது. நான் ஏற வந்தவன் அப்படியே இறங்கிப் போய்த் தெருமுனையில் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

அந்தப் போனில் என்ன பேசினார்களோ, மறுநாள் ஒரு தினசரிக் காலண்டர் வேண்டும் என்றான். அம்மாவுக்கு அனுப்பவாம். சாமி படம் வேண்டாம் என்று பனிமலையை எடுத்தான். அது சுவிட்சர்லாந்து, அவன் ஊரிலும் அதே மாதிரி மலைதான். இந்தியாவிலிருந்து பிள்ளை அனுப்புகிற படம் இதுவா என்று நான் நினைத்ததைச் சொல்லவில்லை. கப்பல் தபாலில் போட்டான்.

தைக்குப் பிறகு சில்லறைப் பாக்கி வசூலுக்காக நான் திரும்ப வந்திருந்த நாளில்தான் இந்த டை. விடிகாலை பஸ்ஸைப் பிடிக்க ஆல்பத்தோடு படியிறங்கும்போது பை வார் அறுந்து, அட்டைகள் படி முழுக்கச் சிதறிவிட்டன. லட்சுமி ஒரு பக்கம், மக்கா ஒரு பக்கம். இருவரும் ஓடி வந்து பொறுக்கினார்கள். சணல் தேடினோம், கிடைக்கவில்லை. உள்ளே போன ஐடஹோக்காரன் ஒரு டையோடு வந்தான். முழங்காலால் அட்டைகளை அழுத்தி, இரண்டு சுற்று சுற்றி, ஒரு கண்ணி வைத்து அதற்குள் இழுத்து இறுக்கினான். லாரியில் வைக்கோல் கட்டுகிற முடிச்சாம். எங்கள் லாரி ஷெட்டுகளில் போடுகிற முடிச்சும் ஏறக்குறைய அதுதான். நான் பஸ்ஸுக்கு ஓடினேன். அடுத்த தடவை கோயமுத்தூர் போனபோது முதல் மாடியில் வேறு இரண்டு பேர் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவனை ஐதராபாத்துக்கு மாற்றியிருந்தார்கள். அவர்களுக்குச் சில மாதங்களுக்கு ஒரு தரம் ஊரும் மாறும், ஜோடியும் மாறும்.

அந்த வருஷக் கடைசியில் ஐதராபாத்திலிருந்து ஒரு இன்லண்ட் லெட்டர். தமிழில் ‘அண்ணா’ என்று ஒரே வார்த்தை, மற்றதெல்லாம் இங்கிலீஷ். அந்தக் காலண்டரை அம்மா சமையலறையில் மாட்டி, தினம் காலையில் ஒரு தாளைக் கிழித்து, மகன் வர இன்னும் எத்தனை நாள் என்று எண்ணுகிறாராம். தாள் முடியப்போகிறது, அடுத்த வருஷத்துக்கு இன்னொன்று வேண்டும். இன்னொரு கேள்வியும் அவர் கேட்டிருந்தாராம்: ஒவ்வொரு தாளிலும் ஒன்றரை மணி நேரம் போட்டிருக்கிறதே, அது மகன் பிரார்த்தனை செய்கிற நேரமா? ராகு காலம். என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நல்ல காரியம் தொடங்காமல் சும்மா இருக்கிற நேரம் என்று எழுதிவிட்டேன்.

பனிமலை நம்பர் தீர்ந்துபோயிருந்தது. விலாசம் தப்பாக அடித்து ஒதுக்கிய கட்டில் காமராஜர் இருந்தார். விருதுநகர்க்காரன் கொடுக்கிறேன் என்றால் அதைவிட வேறு எதைக் கொடுப்பது? அதையே பார்சல் கட்டி ஐடஹோவுக்கு அனுப்பினேன். தபால் செலவைச் சொன்னால் அம்மா திட்டுவாள் என்று சொல்லவில்லை.

இப்போதெல்லாம் ஆல்பம் சுமக்கிற வேலை பாதி போய்விட்டது. நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். சரவெடி கூடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து அம்மா கையில் பின்னுகிற வேலையும் இல்லை, அவளுக்கும் வயதாகிவிட்டது. அந்தப் பையன்களுக்கும் வழக்கம் மாறிவிட்டது. 2012-இலிருந்து பதினெட்டு வயதிலேயே வருகிறார்கள். 2019-இலிருந்து வாரம் ஒரு தரம் வீட்டோடு பேசலாம், முகம் பார்த்தே பேசலாம். பெங்களூரில் அவர்களுக்குக் கோயிலே கட்டத் தொடங்கினார்கள். தாளைக் கிழித்து நாள் எண்ணுகிற தாய் இனி அங்கே இருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

மகள் கத்தரிக்கோல் கொண்டுவந்தாள். வேண்டாம் என்று பல்லாலும் நகத்தாலும் முடிச்சை அவிழ்த்தேன். கண்ணி வைத்த முடிச்சு, கொஞ்சம் நெகிழ்ந்ததும் ஒரு இழுப்பில் விட்டுவிட்டது. நடுவில், மக்காவுக்கும் மீனாட்சிக்கும் இடையில், நான் எப்போதோ செருகி வைத்து மறந்த போட்டோ இருந்தது. 2004 கோடையில் வந்தது. அந்த மதமாற்றத் தடைச் சட்டத்தை வாபஸ் வாங்கிய சமயம் என்று ஞாபகம். ஐடஹோ வீட்டுச் சமையலறை. பிரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில் காமராஜர், கீழே ஏதோ ஒரு இரும்புக்கடை விலாசம். அவருக்கு ஒரு பக்கம் அவன், டை இல்லாமல். இன்னொரு பக்கம் வெள்ளை ஏப்ரன் கட்டிய அம்மா. அவன் வந்து இறங்கிய நாளோடு கிழிப்பதை நிறுத்திவிட்டாராம். தாள் சித்திரை 6-இல் நின்றிருந்தது.

அந்த போட்டோ வந்த அன்று அம்மாவிடம்தான் முதலில் காட்டினேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் தாளை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“ஏய்யா, சித்திரை ஆறு கரிநாளுல்ல. கரிநாளாப் பாத்தா அந்தப் பிள்ள ஊரு போய்ச் சேந்துச்சு?”